கூடலூர் டூ நியூயார்க்: உலகம் சுற்றிய 100 உண்ணிச்செடி யானைகள்... காட்டுக்கு இதில் என்ன லாபம்? பழவேற்காட்டுக்கு என்ன பாடம்?

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் பகுதி. கல் பாவிய பழைய தெரு. இரண்டு பக்கமும் விலை உயர்ந்த துணிக்கடைகள், ஹோட்டல்கள். நடுவே குட்டிகளோடு ஒரு யானைக் கூட்டம்! 2024 செப்டம்பர், அக்டோபரில் மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போனவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துத் தள்ளிய காட்சி இது.

அவை உயிருள்ள யானைகள் இல்லை. நம்ம நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டாரத்தில், பழங்குடி மக்கள் உண்ணிச்செடியின் தண்டுகளை வளைத்து வளைத்துச் செய்த சிற்பங்கள். ஒவ்வொன்றும் நிஜ யானையின் அளவு.

'தி கிரேட் எலிஃபண்ட் மைக்ரேஷன்', அதாவது 'மாபெரும் யானை வலசை' என்ற பெயரில் 100 யானைச் சிற்பங்கள் கடல் கடந்து ஊர் ஊராகப் போனது பலருக்கும் செய்தியாகத் தெரியும். ஆனால் எதுக்காக இவ்வளவு மெனக்கெடல்? இந்தச் செடி ஏன்? சிலை விற்ற பணம் யாருக்கு? இதனால் காடு சுத்தமாகிடுமா?

கூடலூரிலிருந்து ரொம்ப தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவர்களும் இதே மாதிரி ஒரு வெளிநாட்டு ஆக்கிரமிப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்த யானைக் கதையில் ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கெல்லாம் போனது இந்தக் கூட்டம்?

2021 கோடையில் லண்டன். பக்கிங்ஹாம் அரண்மனையை ஒட்டியிருக்கும் கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஆகிய அரச பூங்காக்களில் யானைகள் நிறுத்தப்பட்டன. கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நகரத்துக்கு, வீட்டை விட்டு வெளியே வந்து பார்க்கக் கிடைத்த முதல் பெரிய கண்காட்சிகளில் இதுவும் ஒன்று.

2024 பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக். ஹைதர் அலி காலத்துப் பூங்காவான அங்கே சுமார் 60 யானைகள் நின்றன. காட்டு யானைகள் உலவும் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா அந்த நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. ஆனால் ஐ.டி. வேலைக்கு வந்து குடியேறியவர்களில் பலர், 'பக்கத்தில் யானை இருக்கு' என்பதையே இந்தக் கண்காட்சியில்தான் யோசித்திருப்பார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் பயணம் தொடங்கியது. முதலில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட். பிறகு நியூயார்க். டிசம்பரில் மியாமி கடற்கரை மணல். 2025 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரின் ஹெர்மன் பார்க். அடுத்து மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம், வயோமிங், கடைசியாக கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ்.

இதில் பிளாக்ஃபீட் நிலம் ஏன் என்று கேள்வி வரலாம். காட்டெருமையை நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டையாடி அழிக்கப்பட்ட காட்டெருமைகளைத் தங்கள் நிலத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் வேலையில் இப்போது இருக்கிறார்கள். கூடலூர் பழங்குடிகள் செய்த யானை அங்கே போய் நின்றதற்கு, வேடிக்கை காட்டுவதைத் தாண்டி ஒரு அர்த்தம் இருந்தது.

யார் செய்தது? எப்படிச் செய்கிறார்கள்?

பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 கைவினைஞர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய கூட்டம் இது. கூடலூரைச் சேர்ந்த யானை ஆய்வாளர் தர்ஷ் தெக்கேக்கரா, வடிவமைப்பாளர் சுப்ரா நாயர் உள்ளிட்டோரின் 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்' அமைப்பும், ரூத் கணேஷ் வழிநடத்திய பிரிட்டன் தரப்பும் சேர்ந்து எடுத்த முயற்சி. பிரிட்டன் தரப்பில் இருப்பது 'எலிஃபண்ட் ஃபேமிலி' என்ற அறக்கட்டளை. இதை 2002-ல் தொடங்கியவர் மார்க் ஷாண்ட். பிரிட்டன் ராணி கமிலாவின் சகோதரர். 2014-ல் காலமானார்.

செய்முறை சுருக்கமாக இதுதான். முதலில் இரும்புக் கம்பியால் யானையின் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம். காட்டிலிருந்து வெட்டி வந்த உண்ணித் தண்டுகளைத் தண்ணீரில் வேகவைத்துப் பட்டையை உரிக்கிறார்கள். வெந்த தண்டு வளைந்து கொடுக்கும். அதைச் சட்டத்தின் மேல் வரிவரியாக வளைத்து ஆணி அடிக்கிறார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் யானைத் தோலின் சுருக்கம் மாதிரியே இருக்கும்.

இன்னொரு விஷயம். இவை கற்பனை யானைகள் இல்லை. கூடலூர் சுற்றுவட்டாரத்தில் உண்மையிலேயே நடமாடும் யானைகளைப் படம் எடுத்து, அளவு பார்த்து, அதன் நடை, காது மடிப்பு, தந்தத்தின் வளைவு வரை கவனித்து உருவாக்கப்பட்டவை. எஸ்டேட் பாதையில் எதிரே வந்தால், 'இது இன்னார்' என்று ஊர்க்காரர்கள் அடையாளம் சொல்லக்கூடிய யானைகள். ஒவ்வொரு யானைக்கும் ஒரு குணம் உண்டு என்று தெரிந்து, அதற்குத் தகுந்த மாதிரி வழிவிட்டு நடக்கும் மக்கள் செய்ததால்தான் அந்தச் சிற்பங்களுக்கு உயிர் வந்தது.

உண்ணிச்செடி எப்படி வில்லன் ஆச்சு?

கொத்துக் கொத்தாக மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் பூக்கும் செடி. இலையைக் கசக்கினால் ஒரு காட்டமான வாடை. கறுப்பாகப் பழுக்கும் சின்னப் பழத்தைச் சிறுவயதில் பறித்துத் தின்னாதவர்கள் கிராமத்தில் குறைவு. அதுதான் உண்ணிச்செடி. தாவரவியல் பெயர் லண்டானா கமாரா.

இதன் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுச் செடியாகக் கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு வந்தார்கள். வேலியோரம் வைத்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மீதி வேலையைச் செடியே பார்த்துக்கொண்டது.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டில் உண்ணிச்செடி பரவியிருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். அதைவிடப் பெரிய இடம். புலிகள் வாழும் காட்டுப் பகுதிகளில் 40 சதவீதத்துக்கு மேல் இதன் பிடியில் இருக்கிறது.

சரி, செடி முளைத்தால் என்ன பிரச்சினை? மூன்று விஷயம். ஒன்று, புதர் அடர்ந்தால் வெயில் தரையில் விழாது. புல் முளைக்காது. யானை, மான், காட்டெருமைக்கான தீனி குறைகிறது. இரண்டு, இலையில் நச்சு இருக்கிறது. மாடு தின்றால் கல்லீரல் பாதிக்கும். மூன்று, கோடையில் காய்ந்து கிடக்கும் புதர், காட்டுத்தீக்கு ஏணி மாதிரி. தரையில் எரியும் தீ மரத்தின் உச்சிக்கு ஏற வழி செய்து கொடுக்கும்.

இதோடு நான்காவதாக ஒன்று உண்டு. ஆளுயரப் புதருக்குப் பின்னால் யானை நின்றால் தெரியாது. காட்டுப் பாதையில் நடந்து போகிறவருக்கு அது உயிர் போகிற விஷயம்.

கூடலூரில் நிலவரம் என்ன?

சுமார் 2.5 லட்சம் மக்களும் சுமார் 150 யானைகளும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் பகுதி என்று இந்த முயற்சியில் இருப்பவர்கள் கூடலூரைக் குறிப்பிடுகிறார்கள். முதுமலை ஒருபக்கம், கேரளாவின் வயநாடு ஒருபக்கம். நடுவில் தேயிலைத் தோட்டம், காப்பித் தோட்டம், பழங்குடிக் கிராமங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் குடியிருப்புகள், கேரளாவிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள். ஜென்ம நிலம் என்ற பழைய சிக்கல் வேறு. 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் பலருக்கு நிலப் பட்டா இன்னும் கைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் அதிகாலை தேயிலை பறிக்கப் போகிறவரும், இருட்டிய பிறகு கடையிலிருந்து வீடு திரும்புகிறவரும்தான் யானையை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஓவேலி பகுதியில், 12 பேரின் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட 'ராதாகிருஷ்ணன்' என்ற காட்டு யானையை வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது நினைவிருக்கலாம். அந்த யானையைப் பிடிக்கச் சொல்லிப் போராடியவர்களும் கூடலூர் மக்கள்தான். அமெரிக்கா போன யானையைச் செய்தவர்களும் கூடலூர் மக்கள்தான்.

இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் கூடவே வாழ்வது என்றால் அதுதான். அன்பு இருக்கும், பயமும் இருக்கும், சில நாள் கோபமும் இருக்கும். இந்தியா முழுக்க யானை தாக்கி ஆண்டுக்குச் சுமார் 500 பேர் உயிரிழக்கிறார்கள். மின்வேலி, ரயில், வெடி வைத்த தீனி என மனிதர்களால் சாகும் யானைகளும் நிறைய. 2025 அக்டோபரில் வெளியான, மரபணு அடிப்படையிலான முதல் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருப்பவை 22,446 காட்டு யானைகள். தமிழ்நாட்டில் 3,136.

கண்காட்சியின் மையக் கருத்து 'கூடி வாழ்தல்'. நகரத்தில் நின்று பார்க்கிறவருக்கு அது இனிமையான சொல். ஓவேலியில் இருப்பவருக்கு அது தினசரி உயிர்ப் பணயம். இந்தக் கண்காட்சியை எடைபோட வேண்டியது இந்த இடைவெளியை வைத்துத்தான்.

நகரத்துக்கு நடுவில் விலங்குச் சிலை வைப்பது புதுசா?

இல்லை. மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு பாறையில் இருக்கும் யானைக் கூட்டத்தைப் பாருங்கள். தும்பிக்கைக்குக் கீழே நிற்கும் குட்டிகளோடு, திறந்த வெளியில், ஊர் நடுவில், 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகும் காட்சிக்கூடம் எதுவும் தேவைப்படாத கலை. ஊர் எல்லை அய்யனார் கோயிலில் வேளார் செய்து வைக்கும் சுடுமண் குதிரையும் யானையும் அப்படித்தான். எல்லாரும் பார்க்க, வெயிலிலும் மழையிலும் நிற்பவை.

நவீன காலத்தில் இதை நிதி திரட்டும் வழியாக மாற்றியது ஐரோப்பாவும் அமெரிக்காவும். 1998-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச், 1999-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரங்களில் கலைஞர்கள் வண்ணம் தீட்டிய பசு மாட்டுச் சிலைகளைத் தெருவில் வைத்தார்கள். பிறகு ஏலம் விட்டார்கள். 2007-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 'எலிஃபண்ட் பரேட்' தொடங்கியது. தாய்லாந்தில் கண்ணிவெடியில் காலை இழந்த மோஷா என்ற குட்டி யானைதான் அதற்குத் தூண்டுகோல். 2010-ல் லண்டனில் 250-க்கும் மேற்பட்ட வண்ண யானைகள் வைக்கப்பட்டு, ஏலத்தில் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 2018-ல் மும்பையிலும் வண்ண யானைகள் வந்தன.

அந்த வண்ண யானைகளில் எல்லாம் ஒரே அச்சு. மேலே பெயிண்ட் அடித்தவர் பிரபலமாக இருந்தால் விலை ஏறும். யானைக்குப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு அதில் வேலை எதுவும் இல்லை.

கூடலூர் யானைகள் மாறுபடுவது இந்த இடத்தில்தான். அச்சு கிடையாது. காட்டுக்குக் கெடுதல் செய்யும் செடிதான் மூலப்பொருள். யானையோடு வாழும் மக்களே கலைஞர்கள், கூலியும் அவர்களுக்கு. சிலை விற்ற பிறகு வரும் பணம் ஒரு பங்கு என்றால், சிலை செய்யும்போதே ஊருக்குள் வந்த சம்பளம் இன்னொரு பங்கு.

பணம் எங்கே போகுது?

அமெரிக்கப் பயணத்தின்போது இந்த யானைகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. குட்டிக்குச் சுமார் 8,000 டாலரில் தொடங்கி, பெரிய கொம்பனுக்கு 22,000 டாலர் வரை விலை. மனித-விலங்கு மோதலைக் குறைக்க வேலை செய்யும் பல நாட்டு அமைப்புகளுக்கு இந்த நிதி போகும் என்று அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கூடலூர் யானையின் பெயரால் திரளும் பணத்தில், எவ்வளவு கூடலூருக்குத் திரும்பும்? கைவினைஞருக்குக் கூலி கிடைப்பது ஒரு பக்கம். ஆனால் யானை வருவதை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை ஏற்பாடு, தோட்டப் பாதைகளில் விளக்கு, வீட்டை இடித்த யானைக்காகத் தாமதம் இல்லாத இழப்பீடு, வழித்தடத்தில் இருக்கும் நிலத்தைக் காப்பாற்றுவது... இதெல்லாம்தான் கூடி வாழ்வதற்கான உண்மையான செலவு. இதில் பெரும்பகுதியை எந்தக் கண்காட்சியாலும் சுமக்க முடியாது. அரசுதான் செய்தாக வேண்டும்.

சீகூர் யானை வழித்தடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே இருந்த ரிசார்ட்டுகள் தொடர்பான வழக்கில், வழித்தடத்தை உறுதி செய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. ஒரு வழித்தடத்தைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் சட்டப் போராட்டம் தேவைப்பட்டது. சிற்பம் அந்த வேலையைச் செய்யாது. அந்த வேலை ஏன் தேவை என்று நாலு பேரைக் கேட்க வைக்கும், அவ்வளவுதான்.

100 யானை செஞ்சா காடு சுத்தமாகிடுமா?

ஆகாது. 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் என்ற எண்ணை மறுபடியும் நினைத்துப் பார்த்தால் போதும். நூறு யானைக்கு வெட்டிய செடி அந்தக் கடலில் ஒரு கைத் தண்ணீர். சிற்பத்துக்குத் தேவைப்படுவதும் நல்ல தடிமனான, வளையக்கூடிய தண்டு மட்டும்தான். வேரும் சிறு கிளையும் அதற்கு உதவாது.

அதோடு, உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேர் தொடங்கும் இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். அத்தோடு முடியாது. மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். அதைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் நம்ம ஊர்ப் புல்லும் மரமும் வர வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆளும் பணமும் எப்போதும் போதுவதில்லை.

ஆனாலும் செடியை வெட்டுவதற்கு ஒரு வருமானம் இருந்தால் வேலை நகரும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. கர்நாடகாவின் மாதேஸ்வரன் மலையில், 'ஏட்ரீ' என்ற ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு சோலிகர்கள் இருபது ஆண்டுகளாக உண்ணித் தண்டில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். மூங்கிலுக்கும் பிரம்புக்கும் மாற்று. இங்கே தமிழ்நாட்டில், முதுமலையில் பரவிய மஞ்சக்கொன்னை மரங்களை வெட்டிக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அனுப்பும் திட்டம் வந்தது. 2022-ல் மாநில அரசு, அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஆக, இதில் சிற்பத்தின் பங்கு வேறு. செடியை ஒழிக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது. செடி என்ற பிரச்சினை இருப்பதையும், அதைக் கையாளத் தெரிந்த மக்கள் இருப்பதையும் உலகத்துக்குக் காட்டும். அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றினால் ஏமாற்றம்தான்.

சீமைக்கருவேலம் சொல்லும் எச்சரிக்கை

'கெட்ட செடியைப் பொருளாக்கி விற்றால் செடியும் ஒழியும், மக்களுக்கும் காசு' என்று கேட்க நன்றாக இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு.

சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். ராமநாதபுரம் மாதிரி வறண்ட மாவட்டங்களில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. பல பத்தாண்டுகளாக வெட்டி வெட்டி விற்கிறார்கள். மரம் ஒழிந்ததா? இல்லை. அடிக்கட்டையை விட்டு வெட்டினால்தான் அடுத்த முறை வெட்ட மரம் இருக்கும். வேரோடு பிடுங்கினால் பிழைப்பு போய்விடும். இன்றைக்கு நீதிமன்றம் அகற்றச் சொன்னாலும், 'எங்க வயித்துக்கு என்ன வழி?' என்று அந்த மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பாடம் இதுதான். ஆக்கிரமிப்புச் செடியில் இருந்து வருமானம் வரும்போது, அந்த வருமானம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டிய எடைக்குக் காசு என்றால், செடி திரும்ப வளர்வது லாபம். மீட்ட நிலத்துக்குக் காசு என்றால், செடி திரும்ப வராமல் பார்ப்பது லாபம். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். பத்து வருஷம் கழித்துக் காடு எப்படி இருக்கும் என்பதை இதுதான் முடிவு செய்யும்.

சரி, பழவேற்காட்டுக்கு என்ன சம்பந்தம்?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரை பார்க்க சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதை 'பாடு' முறைப்படி தங்களுக்குள் பங்கிட்டு வாழும் மீனவக் கிராமங்கள் அங்கே உண்டு.

அந்த மக்களின் இப்போதைய தலைவலிகளில் ஒன்று, காக்கா ஆழி. மீனவர்கள் வைத்த பெயர். கறுப்பு நிறச் சின்னச் சிப்பி. உண்ணிச்செடி மாதிரியே இதுவும் மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல்கள் எடை சமன் செய்ய ஏற்றி வரும் கடல் தண்ணீரில் இதன் குஞ்சுகள் பயணம் செய்து பரவுகின்றன. கேரளாவின் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. எண்ணூர், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அடியில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து, பழவேற்காடு பக்கமும் வந்துவிட்டது.

சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடம் இல்லை. உள்ளூர் மட்டி வகைகள் மூச்சு முட்டிச் சாகின்றன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு, சேற்றுக்குப் பதில் கைக்குத் தட்டுப்படுவது ஓடுதான். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போயிருக்கிறது.

'உண்ணிச்செடியை யானையாக்கின மாதிரி, காக்கா ஆழியையும் ஏதாவது பொருளாக்க முடியாதா? கோழித் தீவனம், சுண்ணாம்பு?' என்று யாருக்கும் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கூடலூர் கதையை முழுசாகப் பார்த்தால் மூன்று எச்சரிக்கை கிடைக்கும்.

முதலாவது, சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள். தண்ணீரில் இருக்கும் கன உலோகங்கள் அவற்றின் உடம்பில் சேரும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த எண்ணூர்த் தண்ணீரில் வளர்ந்ததைப் பரிசோதிக்காமல் தீவனமாக்கினால், விஷம் சுற்றிச் சுற்றி நம் தட்டுக்கே வரும்.

இரண்டாவது, சீமைக்கருவேலம் சொன்னது. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வந்துவிட்டால், இல்லாத இடத்துக்கும் அதைக் கொண்டுபோய் விடும் ஆசை சிலருக்கு வரலாம். மீட்ட பரப்புக்குக் கூலி என்பதே பாதுகாப்பான வழி.

மூன்றாவது, யானைக்கு இருக்கும் வசீகரம் சிப்பிக்குக் கிடையாது. யானையை லண்டன் பூங்காவில் வைத்தால் கூட்டம் கூடும். அடிச்சேற்றில் ஒட்டிக் கிடக்கும் ஒரு அங்குலச் சிப்பிக்காக யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். அதனால், கண்காட்சியைக் காட்டி நிதி திரட்டும் வழி பழவேற்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. துறைமுகங்களில் கப்பல் தண்ணீரைக் கண்காணிப்பதும், முகத்துவாரத்தைச் சீர்செய்வதும், சிப்பியை அகற்றுவதும் அரசுச் செலவில் நடந்தால்தான் உண்டு.

எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கூடலூரில் வேலை நடந்தது, அந்த இடத்தைக் கைரேகை மாதிரி அறிந்த மக்களை முன்னால் நிறுத்தியதால். காக்கா ஆழி எந்தப் பருவத்தில் குஞ்சு பொரிக்கிறது, எந்த நீரோட்டத்தில் எங்கே ஒதுங்குகிறது, எந்த இடத்தில் இன்னும் இறால் தப்பிப் பிழைத்திருக்கிறது என்பதைப் பாடு பிரித்து மீன் பிடிக்கும் மக்களைவிட வேறு யார் சொல்ல முடியும்? அகற்றும் வேலையை வெளியூர் ஒப்பந்ததாரரின் இயந்திரத்திடம் மட்டும் விட்டால், சிப்பியோடு சேர்த்து மிச்சமிருக்கும் மட்டியையும் வாரிக்கொண்டு போகும் ஆபத்து இருக்கிறது. பழவேற்காட்டுப் பெண்களிடம் பனை ஓலையில் கூடை, பெட்டி முடையும் கைத்திறன் ஏற்கெனவே உண்டு. ஏரியில் வருமானம் விழும் மாதங்களில் அதற்குச் சந்தை பிடித்துக் கொடுப்பது, சிப்பியில் புதுத் தொழில் தேடுவதைவிடச் சீக்கிரம் நடக்கக்கூடியது.

இனி எதைக் கவனிக்கணும்?

சிற்பங்கள் ஊர் சுற்றி வந்துவிட்டன. பல யானைகள் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் நிற்கும். இனி பார்க்க வேண்டியவை வேறு.

கூடலூரில் பயிற்சி பெற்ற கைவினைஞர்களுக்கு, அடுத்த கண்காட்சி இல்லாத காலத்திலும் வேலை இருக்குமா? வனத்துறையின் அந்நியத் தாவர அகற்றும் பணிகளில் அதே பழங்குடி மக்களுக்குத் தினக்கூலியைத் தாண்டிய பொறுப்பு கிடைக்குமா? உண்ணி எடுத்த இடத்தில் மூன்று வருஷம் கழித்துப் புல் நிற்கிறதா, திரும்பவும் உண்ணிதானா? யானை தாக்கி உயிரிழந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது?

பழவேற்காட்டில், காக்கா ஆழியை அகற்ற ஒதுக்கும் பணத்தில் எவ்வளவு அந்த ஊர் மீனவர் கைக்குக் கூலியாகப் போகிறது? அகற்றிய இடத்தை அடுத்த பருவத்தில் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

ஓவேலியில் தேயிலைப் பறிக்கப் போகிறவருக்கு, பாதையோரப் புதர் வெட்டப்பட்டு யானை தூரத்திலேயே கண்ணில் பட்டால், அதுவே அவருக்குக் கிடைத்த பலன். ஏரியில் இறங்கும் பெண்ணின் கைக்கு ஓட்டுக்குப் பதில் மறுபடியும் இறால் தட்டுப்பட்டால், அங்கேயும் அதுதான் கணக்கு.